கடையில் கேம் மெஷின் வைக்கும் முன்: டெக்ஸாஸ் கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்ஸாஸில் கேஸ் ஸ்டேஷனோ சின்ன உணவகமோ நடத்துபவர்களிடம் என்றாவது ஒருநாள் ஒருவர் வந்து பேச்சுக் கொடுப்பார். "இந்த மூலை சும்மாதானே கிடக்கிறது? ரெண்டு மெஷின் வைத்துவிட்டுப் போகிறேன். வசூலில் உங்களுக்கும் பங்கு, வரியெல்லாம் என் பொறுப்பு." கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

வரிக் கணக்கு எளிதானது. காசு போட்டு ஆடும் ஒவ்வொரு மெஷினுக்கும் மாநில அரசு ஆண்டுக்கு 60 டாலர் தொழில்வரி வாங்குகிறது. ஆண்டின் நடுவில் வைத்தால் வரி குறையும்: ஏப்ரலில் தொடங்கினால் 45, ஜூலையில் 30, அக்டோபரில் 15. மாநில வரி வசூலைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் இதைக் கட்டியதும் பெர்மிட் ஸ்டிக்கர் வரும். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மாநில வரியில் கால் பங்கு வரை, அதாவது மெஷினுக்கு 15 டாலர் வரை, நகராட்சி தனியாக விதிக்கலாம். நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டியும் அதே அளவு விதிக்கலாம். சில ஊர்களில் இரண்டும் உண்டு, சில ஊர்களில் எதுவும் கிடையாது. பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் நண்பர் சொல்வது உங்கள் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம். சிட்டி ஹாலிலும் கவுண்டி அலுவலகத்திலும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள்.

கட்டாவிட்டால் என்ன ஆகும்? மெஷினுக்குச் சீல் வைக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் இருக்கிறது. சீலை எடுக்க வாங்கும் கட்டணம் அதிகபட்சம் 5 டாலர்தான். ஆனால் வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் கடைக்குள் அதிகாரி வந்து சீல் வைத்துவிட்டுப் போவதற்கு என்ன விலை போடுவது? மெஷின் யாருடையதாக இருந்தாலும் பெயர் கெடுவது கடைக்குத்தான்.

அடுத்து, "எங்கள் மெஷினில் காசே போட வேண்டாம், கார்டு தேய்த்தால் போதும், அதனால் வரி இல்லை" என்ற பேச்சு. இது தவறு. சட்டம் சொல்லும் காசில் நாணயம், நோட்டு, டோக்கன், மின்னணு அட்டை எல்லாம் அடங்கும். வீடியோ கேம், பின்பால் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். காசு போட்டால் பாட்டு வரும் ஜூக்பாக்ஸுக்கும் காசு போட்டு ஆடும் பூல் டேபிளுக்கும் இதே வரிதான். குளிர்பானம், சிப்ஸ் விற்கும் மெஷின்களுக்கு இந்த வரி இல்லை. குழந்தைகளுக்கென்றே செய்த விளையாட்டு மெஷின்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் "குழந்தைகளுக்கென்றே" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளும் ஆடலாம் என்பதால் ஒரு மெஷினுக்கு விலக்கு வந்துவிடாது.

மெஷினைச் சொந்தமாக வாங்கி உங்கள் கடையில் மட்டும் வைத்தால் 150 டாலர் பதிவுச் சான்றிதழ் போதும். அதையே மச்சான் கடையிலும் ஒன்று வைப்போம் என்று நகர்த்தினால் கதை மாறிவிடும். அடுத்தவர் கடையில் மெஷின் வைக்கப் பொதுத் தொழில் உரிமம் வேண்டும், 50 மெஷின் வரை 200 டாலர். உறவுக்குள் செய்வதுதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. அப்புறம், ஸ்டிக்கரை மெஷின்மேல் ஒட்ட வேண்டும். கல்லாப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பதில் பயன் இல்லை. இந்த மெஷின்களில் வாடிக்கையாளர் ஆடும் ஆட்டத்துக்கு விற்பனை வரி கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்கு வரும் பங்கும் வருமானம்தான், அதை வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும்.

இவையெல்லாம் பணத்தோடு போகிற தவறுகள். இனி வருவது வழக்கு வரை இழுத்துவிடும் தவறு. மெஷினில் ஸ்டிக்கர் இருந்தால் அது சட்டப்படி சரியான மெஷின் என்ற நம்பிக்கையைத்தான் சொல்கிறேன். ஸ்டிக்கர் காட்டுவது வரி கட்டியதை மட்டுமே. அந்த மெஷின் சூதாட்டக் கருவியா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தண்டனைச் சட்டம், வரிச் சட்டம் அல்ல.

எய்ட் லைனர் என்று அங்கே அழைக்கப்படும், சூதாட்ட விடுதிகளின் ஸ்லாட் மெஷின் பாணியிலான மெஷின்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம். டெக்ஸாஸ் சட்டம் ஒரு சிறிய விலக்குத் தருகிறது: பரிசு பணமாக இல்லாமல் பொம்மை போன்ற சின்னப் பொருளாக இருக்க வேண்டும், அதன் மதிப்பு ஓர் ஆட்டத்துக்கான கட்டணத்தைப் போல 10 மடங்கையோ 5 டாலரையோ, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. பலரும் 5 டாலரை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். 25 சென்ட் ஆட்டத்துக்குப் பரிசு இரண்டரை டாலரைத் தாண்டினாலே விலக்கு போய்விடும். ஆட்டம் 1 டாலர் என்றாலும் வரம்பு 5 டாலர்தான், 10 ஆகாது.

பணம் கொடுக்காமல் கிஃப்ட் சர்டிஃபிகேட் கொடுத்தால் தப்பிக்கலாம் என்ற யோசனையையும் கைவிடுங்கள். டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம் 2003இல் ஹார்டி வழக்கில் அதை ஏற்கவில்லை. ஃபோர்ட் வொர்த் நகரம் 2014இல் கேம் ரூம்களுக்கு, அதாவது இத்தகைய மெஷின்கள் பல வைத்த இடங்களுக்கு, கட்டுப்பாடு கொண்டுவந்தபோது மெஷின்காரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மாநிலச் சட்டம் இருக்கும்போது நகரம் தலையிட முடியாது என்பது அவர்கள் வாதம். 2020இல் டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம், முதலில் எய்ட் லைனர் மாநில அரசியல் சாசனப்படி செல்லுமா என்று பார்க்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2022இல் ஃபோர்ட் வொர்த் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவை அரசியல் சாசனம் தடை செய்த லாட்டரி வகை என்று தீர்ப்பளித்தது. நகரத்தின் கட்டுப்பாட்டைத் தகர்க்கப் போன வழக்கு மெஷினின் அடித்தளத்திலேயே கை வைத்துவிட்டது.

அரசு வரி வாங்கிவிட்டால் அனுமதித்ததாகத்தானே அர்த்தம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான், ஆனால் அமெரிக்க வரிச் சட்டம் வெகுகாலமாகவே அப்படி நடப்பதில்லை. ஒரு காலத்தில் மத்திய அரசே பொழுதுபோக்கு மெஷினுக்கு 10 டாலர், சூதாட்ட மெஷினுக்கு 250 டாலர் என்று ஆண்டு வரி வாங்கியது. இலவச ஆட்டம் ஜெயித்தவர்களுக்குப் பணம் கொடுத்த பின்பால் மெஷின்கள் 250 டாலர் வகைதான் என்று 1957இல் கோர்பன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வரி ஒரு பாதை, சட்ட அனுமதி வேறு பாதை.

மெஷின்களின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். பரிசு தரும் மெஷின்கள் 6 அல்லது அதற்கு மேல் இருக்கும் இடம் கேம் ரூம் ஆகிவிடும். 2019 முதல் எல்லாக் கவுண்டிகளும் கேம் ரூம்களுக்குத் தனி அனுமதி கேட்கலாம். அதற்கான கட்டணம் 1,000 டாலர் வரை போகலாம், மீறலுக்கு அபராதம் 10,000 டாலர் வரை. சர்ச், பள்ளி, மருத்துவமனையிலிருந்து 300 அடிக்குள் இருக்கும் கடைகளில் மெஷின் வைக்க நகரம் தடை போடலாம். வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

மெஷின்காரர் வந்தால் அவருடைய உரிமத்தின் நகலை வாங்குங்கள், கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் கேட்டு அது நடப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு மெஷினின் சீரியல் எண்ணையும் எழுதி வையுங்கள். நகர வரி, கவுண்டி வரி இரண்டையும் யார் கட்டுவது, சீல் வைத்தால் யார் பொறுப்பு, பரிசு என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லையென்றால், அந்த மூலையில் குளிர்பான மெஷினை வையுங்கள்.