நிலவறை இல்லாத ஊரில் வீட்டுக் கோல்ஃப் சிமுலேட்டர்: திருகோணமலைக்கு ஏற்ற செய்முறை

கோல்ஃப் சிமுலேட்டர் என்பது அறைக்குள் உண்மையான பந்தைத் திரையில் அடிக்க, ஒரு கருவி அதை அளந்து, பந்து மைதானத்தில் எங்கே போயிருக்கும் என்று மென்பொருள் காட்டும் ஏற்பாடு. வெளிநாட்டு வீடியோக்களில் அது என்றாலே வீட்டின் நிலவறைதான். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ தோண்டினால் அறை வராது, கிணறுதான் வரும். அதனால் இந்தச் செய்முறை கராஜ், பெரிய சாமான் அறை, அல்லது உவர்மலை போன்ற சரிவு நிலத்தில் வீட்டுக்குக் கீழே அமைந்த அறை ஆகியவற்றுக்காக எழுதப்படுகிறது. சரிவில் உள்ள அறை வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் மண்ணோடு ஒட்டிய சுவரில் மாரிக்கு ஈரம் ஊறும். அந்தச் சுவர்ப் பக்கம் திரை போட வேண்டாம்.

சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் மைதானம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மார்கழி மழையிலும், கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களின் மத்தியானத்திலும் கையைத் தளரவிடாமல் வைத்திருக்கத்தான்.

முதலில் லோஞ்ச் மொனிட்டரை (பந்தை அளக்கும் கருவி) வாங்கிவிட்டுப் பிறகு அறையைத் தேடுபவர்கள் நிறையப் பேர். காசு வீணாவது அங்கேதான். அறைதான் கருவியைத் தீர்மானிக்க வேண்டும்.

படி 1: அறையை அளத்தல்

உயரம் குறைந்தது 9 அடி, 10 அடி என்றால் நிம்மதி. அகலம் 12 அடி இருக்கட்டும். 10 அடியிலும் ஒருவர் ஆடலாம், ஆனால் பந்தை நடுவில் வைக்க முடியாது. வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் மாறி மாறி ஆடவும் முடியாது. நீளம் கருவியைப் பொறுத்து 16 முதல் 19 அடி வரை.

எங்கள் வீடுகளில் உயரத்தை விழுங்குவது சீலிங் ஃபேன். நிறுத்தி வைத்தால் போதாது, கழற்றிவிட வேண்டும். அதன் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தால் அதையும். குறுக்கே பீம் போனால் அளவை பீமின் அடியிலிருந்து எடுங்கள். நீங்கள் நிற்கும் மேடை 3 அங்குலம் உயர்ந்தால் சீலிங் 3 அங்குலம் இறங்கியதற்குச் சமம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

டேப் அளவோடு நின்றுவிடாமல் வீசியும் பாருங்கள். மட்டைகளில் மிக நீளமான டிரைவர் ஏறக்குறைய 45 அங்குலம். அதன் தலையில் ஒரு துணியைக் கட்டி, அந்த அறையை உபயோகிக்கப் போகிறவர்களில் உயரமானவர் மிக மெதுவாக முழு வீச்சையும் வீச வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் ஒதுங்கி நின்று சீலிங்குக்கும் மட்டைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கட்டும். எந்த இடத்திலும் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மயிரிழையில் தப்பும் அறை வேண்டவே வேண்டாம். சீலிங்கில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் உடம்பு தானாகவே வீச்சைச் சுருக்கிக்கொள்ளும், அந்தப் பழக்கம் மைதானம் வரைக்கும் கூடவே வரும்.

கராஜின் கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் அதில் துளை போடவோ எதையும் தொங்கவிடவோ கூடாது. தூள் நுரையீரலுக்குக் கேடு. பந்து பட்டால் தகடும் உடையும். கீழே தனிச் சீலிங் அடித்து, அதற்குப் பிறகு உயரத்தை அளவுங்கள்.

படி 2: ரேடாரா, கெமராவா?

லோஞ்ச் மொனிட்டர் என்பது பந்து புறப்படும் வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றைப் பிடித்து மென்பொருளுக்குக் கொடுக்கும் கருவி. இதில் இரண்டு குலம்.

ரேடார் வகை பந்துக்குப் பின்னால் இருந்து பந்து பறப்பதைப் பின்தொடரும். 2021 இல் வந்த கார்மின் அப்ரோச் ஆர்10 இந்த வகை. பந்துக்கு 6 முதல் 8 அடி பின்னால் வைக்க வேண்டும், பந்துக்கு முன்னால் குறைந்தது 8 அடி பறக்க இடம் வேண்டும். விலை குறைவு, வெளியிலும் கொண்டு போகலாம். அறைக்குள் பந்து பறக்கும் தூரம் குறைவு என்பதால் சுழற்சியைக் கணிப்பதில் தடுமாறும். ரேடாருக்கென்றே அடையாளம் பதித்த பந்துகள் கிடைக்கின்றன, அவை ஓரளவு உதவும். அதன் பார்வைக்குள் ஃபேன் சுழன்றால் அளவு குழம்பும்.

கெமரா வகை, உதாரணமாக ஸ்கைடிராக், பந்துக்குப் பக்கத்தில் இருந்து அடிபட்ட கணத்தைப் படம் பிடிக்கும். பின்னால் இடம் தேவையில்லை. குட்டை அறைக்கு இதுதான் சரி. ஆனால் இடக்கைக்காரர் வந்தால் மற்றப் பக்கத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும், யன்னல் வெயில் பந்தின் மேல் விழவும் கூடாது.

நீளக் கணக்கைப் பாருங்கள். சுவரிலிருந்து திரைக்கு 1 அடி, திரையிலிருந்து பந்துக்கு 10 அடி, அதற்குப் பின்னால் ரேடாருக்கு 8 அடி: மொத்தம் 19. கெமரா என்றால் பின்னால் 5 அடி போதும்: மொத்தம் 16. உங்கள் அறை 17 அடி என்றால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டாயிற்று.

படி 3: திரையைத் தாங்கும் சட்டம்

1½ அங்குல ஜீ.ஐ. குழாய் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) வாங்குங்கள். 1 அங்குலம் மலிவு, ஆனால் மேல் குழாய் நடுவில் தொய்யும். கடையில் குழாயின் நீளத்தை அளந்து பாருங்கள். 6 மீற்றர்க் குழாய் 20 அடி அல்ல, 19 அடி 8 அங்குலம். 10 அடித் துண்டு இரண்டு அதில் வராது. அதனால் சட்டத்தின் அகலத்தை 9 அடி 9 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு குழாயில் இரண்டு துண்டு சரியாக வரும்.

உயரம் 8½ அடி, ஆழம் 4 அடி என்ற பெட்டிக்கு வேண்டிய துண்டுகள்: 9 அடி 9 அங்குலத்தில் 3 (பின் மேல், பின் கீழ், முன் மேல்), 8½ அடியில் 4, 4 அடியில் 4. முன்பக்கம் கீழே குறுக்குக் குழாய் வேண்டாம். கால் தடுக்கும், தாழ்ந்து வரும் பந்து அதில் பட்டு முகத்துக்கே திரும்பும். கூட்டினால் 80 அடிக்குச் சற்றுக் குறைவு, 4 குழாய் போதும் போல இருக்கும். போதாது. வெட்டும்போது கழிவு போவதால் 5 வேண்டும்.

வெல்டிங் செய்வதா, நட்டுப் போட்டுப் பூட்டுவதா? வாடகை வீடு என்றால் கிளாம்ப் போட்டுப் பூட்டுங்கள். வெல்டிங் என்றால் பற்றவைக்கும் இடத்தில் நாகப் பூச்சை முதலில் அரைத்து எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. பூச்சுப் போன மூட்டுகளில் அன்றைக்கே நாகம் கலந்த துருத்தடுப்புப் பெயின்ற் இரண்டு கை அடிக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் துரு தொடங்குவது எப்போதும் அந்த மூட்டுகளில்தான். சட்டத்தின் மேற்பகுதியைச் சுவரோடு இரண்டு இடத்தில் பிடித்துவிடுங்கள்.

முன்பக்கக் குழாய்கள் அனைத்துக்கும் தடித்த ஃபோம் சுற்றுங்கள். ஏ.சி. குழாய்க்குப் போடும் கறுப்பு உறை ஒரு சுற்று, அதன்மேல் மெத்தைக் கடையில் கிடைக்கும் ஃபோம் துண்டு ஒரு சுற்று. வெறும் இரும்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

படி 4: திரையும் வலையும்

திரைக்கு என்றே நெய்த கனமான பொலியெஸ்டர்த் துணி வேண்டும். விளம்பரப் பெனர் துணி சில அடிகளிலேயே கிழியும். சட்டத்துக்கும் திரைக்கும் நடுவில் நாலு பக்கமும் 3 அங்குலம் விடுங்கள். அப்படியானால் திரை 9 அடி 3 அங்குல அகலம், 8 அடி உயரம். ஓரத்தில் அடிக்கு ஒரு பித்தளைக் கண், மேலேயும் பக்கங்களிலும் ஒவ்வொரு கண்ணுக்கும், கீழே மூன்று கண்ணுக்கு மட்டும், முனையில் குண்டு வைத்த இலாஸ்டிக் ஒன்று. ஏறத்தாழ 30 வேண்டும், 45 வாங்கி வைத்தால் மாற்றுவதற்கும் இருக்கும்.

மேல் ஓரத்தையும் பக்க ஓரங்களையும் இழுத்துக் கட்டுங்கள். கீழே மூலைகள் இரண்டையும் நடுவில் ஒன்றையும் மட்டும் தளர்வாகக் கட்டுங்கள். முரசுத் தோல் போல விறைத்த திரை பந்தைத் திருப்பி அனுப்பும். சற்றுத் தளர்ந்த திரை வேகத்தை உறிஞ்சி பந்தைக் கீழே போடும். சுருக்கம் தெரிகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவதுதான் புதியவர்கள் எல்லோரும் விடும் பிழை.

பக்கவாட்டுக்கும் மேலுக்கும் வலை. இதற்கு வெளிநாட்டிலிருந்து எதையும் வருவிக்கத் தேவையில்லை, மீன்பிடி உபகரணக் கடைக்குப் போனால் போதும். தங்கூசி வலை வேண்டாம், மெல்லிய ஒற்றை இழையைப் பந்து அறுத்துவிடும். பல இழை முறுக்கிய தடித்த நைலோன் வலையாகக் கேளுங்கள். கண் அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. கடைக்காரர் சொல்லும் அளவு கண்ணை இழுத்துப் பிடித்து எடுத்தது. 2 அங்குலக் கண் என்றால் ஒரு பக்கம் 1 அங்குலம், சுற்றளவு 4 அங்குலம், அதாவது ஏறக்குறைய 102 மில்லிமீற்றர். கோல்ஃப் பந்தின் விட்டம் விதிப்படி 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, சுற்றளவு 134. ஆகவே பந்து தங்கும். 3 அங்குலக் கண்ணின் சுற்றளவு 152, அதில் பந்து நழுவிப் போய்விடும். சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளி, தொய்வாகத் தொங்கவிடுங்கள்.

படி 5: நிற்கும் இடம்

காலும் பந்தும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பந்து மட்டும் 1½ அங்குலத் தடிப்புள்ள மேட் (செயற்கைப் புல் விரிப்பு) மீதும் கால் தரையிலும் இருந்தால், சிமுலேட்டரில் நன்றாக அடிப்பவர் மைதானத்தில் தரையைக் கொத்துவார். 5 அடிக்கு 5 அடி மேட் வாங்கினால் பிரச்சினையே இல்லை, இரண்டும் அதன் மேலேயே நிற்கும். சிறிய மேட் என்றால் 8 அடிக்கு 4 அடி பிளைவூட் பலகை இரண்டு, 18 மில்லிமீற்றர்த் தடிப்பில், சுற்றி அடித்து மட்டத்தைச் சமப்படுத்துங்கள். பிளைவூட்டை நேரே சீமெந்துத் தரையில் போடாமல், அடியில் கறையான் மருந்து பூசிக் கனமான பொலித்தீன் விரியுங்கள்.

மேட் வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய மேட்டுக்குக் கீழே சீமெந்து இருந்தால் அதிர்வு முழுவதும் முழங்கைக்குப் போகும்.

படி 6: புரொஜெக்டர், கணினி, மின்சாரம்

தொடங்கும்போது புரொஜெக்டர் கட்டாயமில்லை. திரை, வலை, மேட், லோஞ்ச் மொனிட்டர், பக்கத்தில் ஒரு டெப்லெட் என்று தொடங்கி, சில மாதம் ஆடிப் பார்த்துவிட்டு வாங்குவதே புத்தி.

வாங்கும்போது பார்க்க வேண்டியது எறிவு விகிதம். படத்தின் அகலத்தை அதனால் பெருக்கினால் புரொஜெக்டரின் தூரம் வரும். 9 அடிப் படத்துக்கு 0.5 விகிதம் என்றால் 4½ அடி, சட்டத்தின் முன் விளிம்பை ஒட்டிய சீலிங்கில் மாட்டலாம். விகிதம் 1.2 என்றால் ஏறக்குறைய 10 அடி 10 அங்குலம், அது உங்கள் தலைக்கு மேலேயே வந்து நிற்கும். மட்டையும் படும், நிழலும் விழும். வெளிச்சம் 3000 லூமனுக்குக் குறையாமல் பாருங்கள். 9 அடி அகலத்துக்கு 16:9 படம் 5 அடி உயரம்தான் வரும், 4:3 என்றால் 6 அடி 9 அங்குலம். இந்தத் திரைக்கு 4:3 அல்லது 16:10 பொருத்தம்.

ஜிஎஸ்ப்ரோ போன்ற சிமுலேட்டர் மென்பொருளுக்கு விண்டோஸ் கணினியும் தனி கிராபிக்ஸ் கார்ட்டும் வேண்டும். எல்லா மொனிட்டரும் எல்லா மென்பொருளோடும் பேசாது, வாங்குமுன் உறுதிப்படுத்துங்கள். கணினிக்கும் புரொஜெக்டருக்கும் சேர்த்து 1500 வீஏ அளவில் ஒரு யூபிஎஸ் வையுங்கள். மின்விளக்கு வகைப் புரொஜெக்டர் சூடாக இருக்கும்போது மின்சாரம் போனால் உள் ஃபேனும் நின்றுவிடும், விளக்கின் ஆயுள் குறையும். ட்ரிப் சுவிட்ச், எர்த் இரண்டும் சரியா என்பதை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

படி 7: நேர்கோடு பிடித்தல்

மேசன்மார் நூல் அடிப்பதுபோல் திரையின் நடுவிலிருந்து பந்து வரைக்கும், பிறகு ரேடார் வரைக்கும் சுண்ணாம்பு நூலால் ஒரு கோடு அடியுங்கள். ரேடார் அந்தக் கோட்டின் மேலேயே, ஸ்பிரிட் லெவலில் மட்டமாக இருக்க வேண்டும். 2 மீற்றர் நூலில் 5 சென்ரிமீற்றர் விலகினால் 200 மீற்றர் அடியில் அது 5 மீற்றர். வீச்சில் குறை இருக்கிறது என்று மாதக்கணக்கில் தலையை உடைப்பவர்கள் முதலில் இந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

முதல் அடிகள் வெட்ஜால் (குறுகிய தூரத்துக்கான மட்டை), அரை வீச்சில். பந்து திரையில் பட்டு எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று கவனியுங்கள். உங்கள் கால் வரைக்கும் வந்தால் பக்க இலாஸ்டிக்கைத் தளர்த்துங்கள். அப்போதும் வந்தால் பந்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள். அது சரியான பிறகுதான் அயன் (நடுத்தரத் தூரத்துக்கான மட்டை), கடைசியில் டிரைவர். புதிய, மென்மையான பந்துகளையே உபயோகியுங்கள். வெட்ஜின் கோடுகள் உரசிப் பிசிறு எழும்பிய பந்து திரையை அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்க்கும்.

உப்பும் ஈரமும்

இந்தப் பகுதியை வெளிநாட்டு வழிகாட்டிகளில் காண முடியாது. ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள். 60 வீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் கெமரா வகை மொனிட்டரின் கண்ணாடியிலும் புரொஜெக்டர் லென்ஸிலும் பூஞ்சணம் பிடிக்கும், திரையில் கறுப்புப் புள்ளி விழும். ஏ.சி. இருந்தால் மாரி மாதங்களில் ட்ரை முறையில் தினம் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். மொனிட்டரை ஆடி முடித்ததும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது உலர்த்த வேண்டும் என்று தெரியும்.

கடல் பக்க யன்னலை மூடியே வையுங்கள். மட்டைகளை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். வெட்ஜ்களில் குரோம் பூச்சு இல்லாதவை ஒரே வாரத்தில் செம்புள்ளி போடும். இலாஸ்டிக்குகள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ரப்பர் உலர்ந்துவிடும்; விரலால் இழுத்தால் நொறுநொறு என்று கேட்பதை உடனே மாற்றுங்கள், மேல் வரிசையிலிருந்து தொடங்கி. அங்கே இரண்டு அறுந்தால் திரை பின்னால் சாய்ந்து சுவரில் ஒட்டும், அடுத்த பந்து சுவரிலேயே அடிக்கும்.