மலையிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பும்போது எங்கே சொதப்புகிறோம்

கோத்தகிரியில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ரிட்டயர் ஆன கையோடு அப்பா அம்மாக்கள் கிளம்பிவிடுகிறார்கள். டொரன்டோவில் மகன், சிட்னியில் மகள், நடுவில் எப்போதோ காலண்டரில் பார்த்து ஆசைப்பட்ட மச்சு பிச்சு, எல்லாம் சேர்த்து மூன்று மாதம். டிக்கெட் பார்த்துத் தருகிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. கீழே சொல்லும் தப்புகளில் பாதி நானே செய்தவை.

தேடும்போது எல்லாரும் பார்ப்பது விலையையும் மொத்த மணி நேரத்தையும்தான். இவ்வளவு நீளமான பயணம் கெடுவதோ வண்டி மாறுகிற இடங்களில். அதில் முதல் இடம் நம் காட் ரோடு, அதை எந்த ஆப்பும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம், சரி. நவம்பரில்? பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் பெரியம்மாவும் விடியற்காலை விமானத்துக்காக ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள், குஞ்சப்பனைக்கு மேலே ரோட்டுக்குக் குறுக்கே மரம். மழை, பனிமூட்டம், முன்னால் நிற்கும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது, பெரியம்மா ஃபிளாஸ்கிலிருந்து டிரைவருக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மரத்தை அறுத்து ஒதுக்கி முடிக்கும்போது விமானம் பறந்துவிட்டது. பலாப்பழ சீசன் என்றால் மரத்துக்குப் பதிலாக அதே இடத்தில் யானை நிற்கும். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை முதல் நாளே கோவைக்கு இறங்கி ஒரு ரூம் போட்டுவிடுங்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பெங்களூரிலிருந்து பறப்பவர்களுக்கு இன்னொரு பூட்டு. வழியில் இருக்கும் பந்திப்பூர் காட்டுச் சாலை ராத்திரி 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். விமானம் அதிகாலை நாலு மணிக்கு என்றால் ஊட்டியிலிருந்து மதியமே கிளம்பினால்தான் நிம்மதி. திரும்பி வரும்போது சாயங்காலம் பெங்களூர் ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கிவிட்டு நேராக வீட்டுக்குப் போகலாம் என்று கனவு காணாதீர்கள், 9 மணிக்குள் காட்டைத் தாண்ட முடியாது.

இதைவிடக் கொடுமையான தப்பு ஒன்று. குன்னூர்க்காரர் ஒருவருக்குக் கோவை–சென்னை–தோஹா–டொரன்டோ என்று போய்வர ஒரே டிக்கெட் போட்டிருந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் சென்னையில் சொந்தத்தில் கல்யாணம், ரயிலில் போய்விட்டு அங்கிருந்தே ஏறிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்துவிட்டார். கோவையில் முதல் விமானத்தில் ஏறாதவரை வரவில்லை என்று குறித்து, மிச்ச எல்லா விமானங்களையும், திரும்பி வருவதையும் சேர்த்து, ரத்து செய்துவிட்டார்கள். ஒரே டிக்கெட்டில் வரிசையாகத்தான் பறக்க வேண்டும். நடுவில் ஏறிக்கொள்ள வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டு டிக்கெட்டை மாற்றி வாங்குங்கள்.

அதற்காகத் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டு நாலாயிரம் மிச்சம் பிடிக்கவும் பார்க்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அது பற்றிக் கவலையே இல்லை.

அப்புறம் விசா. அமெரிக்காவில் இறங்காமல் மாறிப் போகிறோம் என்று ஒன்று கிடையாது. மயாமியில் இரண்டு மணி நேரம் நின்றாலும் இமிகிரேஷன் தாண்டித்தான் ஆகவேண்டும், அதற்கு அமெரிக்க விசா வேண்டும். மச்சு பிச்சுவுக்காக டொரன்டோவிலிருந்து பெருவின் தலைநகர் லிமாவுக்குத் தேடினால் அந்த வழிதான் பெரும்பாலும் மலிவாக வந்து கண்ணடிக்கும். விசா இல்லாதவர்கள் பனாமா சிட்டி வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் இன்னொரு பள்ளம்: ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி மாட்ரிட் போய் அங்கிருந்து லிமா என்று போட்டால், ஃபிராங்ஃபர்ட்–மாட்ரிட் என்பது ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) உள்ளேயே பறப்பது, அதனால் முழு ஷெங்கன் விசா இல்லாமல் அந்த இரண்டாவது விமானத்தில் ஏறவே முடியாது.

ஊர் பெயர் ஒன்றாக இருந்தால் ஏர்போர்ட்டும் ஒன்று என்று நினைப்பதும் உண்டு. லண்டனில் ஹீத்ரோ வேறு, கேட்விக் வேறு. டோக்கியோவில் நரிட்டா, ஹனேடா. டிக்கெட்டில் ஊர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றெழுத்தை இரண்டு முறை படியுங்கள்.

எனக்கே ரொம்ப நாள் புரியாதது வரைபட விஷயம். பள்ளிக்கூடச் சுவரில் பார்த்த உலகப் படம் பசிபிக் கடலை நடுவில் வெட்டி இரண்டு ஓரத்திலும் ஒட்டியிருக்கும், அதனால் தென் அமெரிக்கா ஒரு கோடி, ஆஸ்திரேலியா மறு கோடி என்று மனதில் பதிந்துவிடுகிறது. பெரியப்பாவுக்கு நான் முதலில் போட்ட வழி லிமாவிலிருந்து மறுபடி டொரன்டோ, அங்கிருந்து துபாய், அங்கிருந்து சிட்னி. கிட்டத்தட்ட உலகத்தையே திரும்பச் சுற்றுகிற வழி, அதைப் பார்த்துவிட்டு சிட்னியில் இருக்கும் அவர் மகளே போன் பண்ணிச் சிரித்தாள். சிலியின் சாண்டியாகோவிலிருந்து சிட்னிக்கு நேர் விமானமே இருக்கிறது, சுமார் 11,300 கிலோமீட்டர், தென் பசிபிக்கைத் தாண்டினால் முடிந்தது. படத்தை விட்டுவிட்டு ஒரு உலக உருண்டையில் நூல் வைத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

அந்த வழியில் போனால் தேதிக்கோட்டைத் தாண்டுவீர்கள், ஒரு நாள் காணாமல் போகும். திங்கள் மதியம் கிளம்பினால் சிட்னியில் செவ்வாய் சாயங்காலம். எதிர்த் திசையில் சிட்னியிலிருந்து அமெரிக்கா போனால் கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம்! ஹோட்டல் போடும்போதும், மகளை லீவு எடுக்கச் சொல்லும்போதும், டிக்கெட்டில் இறங்கும் தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள், விரல் விட்டு எண்ண வேண்டாம்.

பெருவை எந்த வரிசையில் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், இல்லையென்றால் 6 நாள் வரை தனியாக உட்கார வைக்கலாம். பிரேசில், கென்யா, எத்தியோப்பியாவுக்கும் இதே கதை. ஊசி சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். கிளம்புகிற வாரத்தில் ஞாபகம் வந்தால் பிரயோஜனமில்லை.

கடைசியாகத் திரும்பி வருவது. மும்பையிலோ டெல்லியிலோ இறங்கிக் கோவை விமானம் பிடிப்பதாக இருந்தால், பெட்டியில் கோவை என்று டேக் ஒட்டியிருந்தாலும் பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு நடுவில் மூன்று, நாலு மணி நேரமாவது விடுங்கள். பெரியப்பாவுக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் கோவை பீளமேடு ஏர்போர்ட்டில் பெல்ட் நிற்கும் வரை காத்திருந்தார். பெட்டி மும்பையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது, கோத்தகிரிக்கு வந்து சேர மூன்று நாள் ஆனது.