மைனரின் என்ஜினை வீட்டில் இறக்குவதென்றால்

அப்பா விட்டுச் சென்ற 1961ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் நிற்கிறது. 948 சீசீ. சென்ற வருடம், என்ஜினையும் கியர்பொக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளச் வழுக்கத் தொடங்கியது. ஏ-சீரிஸ் எனப்படும் இந்த வகை என்ஜினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது. கிரேங்க் தண்டில், அதாவது என்ஜினின் சுழலும் பிரதான தண்டில், வெட்டிய சுருள் காடிதான் ஒயிலைத் திருப்பி அனுப்பும். தேய்ந்தால் ஒயில் கசிந்து கிளச் தட்டை ஊறவைத்துவிடும். தட்டை மாற்ற, என்ஜினையும் கியர்பொக்ஸையும் சேர்த்தே வெளியே எடுத்தேன். துணைக்கு மருமகன்.

முதலில் ஸ்பானர். அரை அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பானரை மாட்டாதீர்கள். அரை அங்குலம் என்பது 12.7. அந்த 0.3 மி.மீ. போதும், கடற்காற்றில் துருப்பிடித்த நட்டின் மூலைகள் மழுங்கிப்போக. நான் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலைந்து அங்குல அளவுச் செட் ஒன்று வாங்கினேன். துருப்பிடித்தவற்றுக்கு முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள்.

பற்றறியைக் கழற்றும்போது கவனம்: மைனரில் எர்த் ஆவது, அதாவது காரின் உடலோடு இணைவது, பிளஸ் முனை. அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பிறகு பொனற். கீல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால் திரும்ப மாட்டும்போது சண்டை வராது. தண்ணீர், ஒயில், ரேடியேற்றர், கார்புரேற்றர், வயர்கள், எக்சோஸ்ட் எல்லாம் வழக்கம்போலத்தான். ஒவ்வொரு வயரிலும் எண் ஒட்டுங்கள்; நட்டுகளை இடவாரியாக ஜாம் போத்தல்களில் போடுங்கள்.

கியர்பொக்ஸ் மூடி காருக்குள்ளே, தரைவிரிப்பின் கீழ் இருக்கிறது. அதைத் திறந்து கியர் தடியை எடுங்கள். கீழே கிளச் கம்பி, ஸ்பீடோமீற்றர் கேபிள், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்ட். ஷாப்டை உருவியதும் கியர்பொக்ஸின் வாலிலிருந்து மிச்ச ஒயில் கொட்டும். தட்டொன்றை முன்கூட்டியே வையுங்கள். நான் வைக்கவில்லை. சீமெந்துத் தரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

பாரம் தூக்கும் செயின் புளொக்கைக் கூரை வளையில் தொங்கவிட வேண்டாம். இரும்புக் குழாய் முக்காலியுடன் வாடகைக்கு எடுத்தோம். பாரத்தைச் செயினில் ஏற்றிய பிறகே என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்குகளையும் கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் கழற்றுங்கள். முன்பக்கத்தை நன்றாக நிமிர்த்தித் தூக்கினால்தான் வால் வெளியே வரும். அந்த நேரத்தில் எவரும் காருக்குக் கீழே இருக்கக் கூடாது.

கழற்றுவது அரை நாள் வேலை. திரும்பப் பொருத்துவதில்தான் ஒரு பின்னேரம் முழுவதும் வீணானது. புதுத் தட்டைக் கண்மதிப்பில் வைத்துக் கிளச் மூடியை இறுக்கிவிட்டேன். தட்டு நடுவில் இல்லாததால் கியர்பொக்ஸின் தண்டு அதற்குள் நுழையாமல், கியர்பொக்ஸ் ஓர் அங்குல இடைவெளியில் நின்றது.

“மாமா, போல்டைப் போட்டு இழுத்துவிடுவோமா?” என்றான் மருமகன்.

அதை மட்டும் செய்யாதீர்கள். கியர்பொக்ஸில் போல்ட் நுழையும் வார்ப்புக் காது உடைந்துவிடும். அதன் பாரத்தைத் தண்டில் தொங்கவிட்டாலும் தட்டு வளைந்துவிடும். விளக்குமாற்றுத் தடியின் நுனியில் டேப் சுற்றினேன்: கிரேங்க் தண்டின் நடுக்குழிக்குள் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு சுற்று, தட்டின் துவாரத்துக்குச் சற்றுத் தடிப்பாக இன்னொரு சுற்று. தடியைச் செருகியபடியே மூடிப் போல்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கியர்பொக்ஸை நாலாவது கியரில் போட்டு, வாலைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளினோம். பற்கள் பிடித்ததும் அது தானாகவே வழுக்கிப் போய் உட்கார்ந்தது. தடியை மனைவி இரண்டு நாளாகத் தேடினாள்.

காரில் இறக்கியபின் என்ஜினின் எர்த் பட்டியை மறவாதீர்கள். மறந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் அக்சிலேற்றர் கேபிள் வழியே பாய்ந்து அதைப் புகைய வைக்கும். கியர்பொக்ஸுக்கும் என்ஜின் ஒயில்தான். பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள்; அதன்பின் பிளக்குகளைப் பூட்டி என்ஜினை இயக்குங்கள். காலிமுகத்திடல்வரை ஒருமுறை ஓட்டி வந்து, சூடு ஆறியதும் மவுண்டிங் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.