நிறைமாதத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலையா? இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்துத் துணிக்கடைகளில் எட்டு மாத வயிற்றோடு கவுண்டருக்குப் பின்னால் நின்று சேலை விரித்துப் போடும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஓண சமயத்தில் இன்னும் மோசம், கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், மூச்சு விட நேரமிருக்காது. கால் வலிக்குது என்று வீட்டில் சொன்னால் பதில் ரெடியாக இருக்கும்: "நல்லா நின்னு வேல பாரு மக்களே, அப்பதான் சுகப்பிரசவம் ஆகும்." மற்ற தப்புகளில் பாதி இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது.

நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தள்ளுதல் கிடையாது. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தமே 40 முதல் 50 சதவீதம் வரை கூடியிருக்கும், ஹார்மோனால் ரத்தக்குழாய்கள் தளர்ந்திருக்கும், வளர்ந்த கர்ப்பப்பை இடுப்புக்குள் இருக்கும் பெரிய குழாய்களை அழுத்திக்கொண்டிருக்கும். இத்தனையும் சேர்ந்தால் ரத்தம் காலிலேயே தேங்கும். சாயங்காலம் பாதம் நீர் வைப்பது, நரம்பு சுருட்டிக்கொண்டு புடைப்பது, இதற்கெல்லாம் இது முக்கியக் காரணம். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால் திடீரென்று கண் இருட்டிக்கொண்டும் வரும். மணிக்கணக்கில் நின்றால் சுகப்பிரசவம் ஆகும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மாறாக, நீண்ட நேரம் நிற்பதற்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் சிறிய அளவில் தொடர்பு இருப்பதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. சிறிய அளவு என்பதையும் கவனியுங்கள், நின்றதாலேயே குழந்தைக்கு ஆகாது என்று யாரும் பயப்பட வேண்டாம். சிக்கல் இல்லாத கர்ப்பமென்றால் நிறையப் பேர் கடைசி மாதம் வரைக்கும் வேலைக்குப் போகிறார்கள். பெரியவர்கள் சொல்லும் 'உடம்பு அசையணும்' என்பது சரிதான், டாக்டர் தடை சொல்லாவிட்டால் சாயங்காலம் அரை மணி நேரம் நடங்கள். கவுண்டரில் நிற்பதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

நிற்கத்தான் வேண்டும் என்றால் சிலை மாதிரி நிற்காதீர்கள். குதிகாலை ஏற்றி இறக்குவது, ஒரு காலைத் தூக்கி ஒரு சின்னப் பலகை மேலோ துணிக்கட்டு மேலோ வைத்துக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது, ரேக் வரைக்கும் நாலு நடை போய் வருவது, இதெல்லாம் சூப்பர்வைசர் கண்ணுக்குக்கூடத் தெரியாது.

அடுத்தது தண்ணீர். இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரும் விஷயம். டாய்லெட் மூன்றாவது மாடியில் இருக்கும், போக அனுமதி கேட்க வேண்டும், இரண்டு தடவைக்கு மேல் போனால் முகத்தைச் சுளிப்பார்கள், அதனால் காலையில் கடைக்குள் நுழைந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்கள் நிறைய. கர்ப்பத்தில் சிறுநீரில் கிருமித் தொற்று வர வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால் அது இன்னும் சுலபமாக வரும், கவனிக்காமல் விட்டால் கிட்னிக்கு ஏறிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும், குறைமாத வலியைக்கூடக் கிளப்பிவிடும். உடம்பில் தண்ணீர் குறைந்தாலே வயிறு அடிக்கடி இறுகும். அப்படி இறுகினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துப் பாருங்கள், பொய்வலி என்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காமல் விட்டுவிட்டு ஒழுங்காக வந்துகொண்டே இருந்தால், அதுவும் 37 வாரம் முடியாதபோது, நேராக ஆஸ்பத்திரிதான்.

கால் வீங்குகிறதே என்று உப்பையும் தண்ணீரையும் நிறுத்துவதும் இதே ரகம். நின்றதால் வருகிற வீக்கம் அதனால் குறையாது. இடதுபக்கமாக ஒருக்களித்துக் காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் குறையும். பார்லிக் கஞ்சி குடிப்பதில் தப்பில்லை, ஆனால் அது மருந்து கிடையாது.

சரி, உட்காருவது பற்றி. "ஸ்டூல் கேட்டா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க" என்று கேட்காமலே இருப்பதுதான் நான் பார்க்கிற பெரிய தப்பு, ஏனென்றால் சட்டம் இந்த விஷயத்தில் நம் பக்கம் இருக்கிறது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்பவரின் பெண்கூட்டு அமைப்பு கடைப் பெண்களைத் திரட்டி வருஷக்கணக்காகப் போராடியதன் பலனாகக் கேரளா 2018-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு நடுவே உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்றது. 2021-ல் தமிழ்நாடும் அதே மாதிரித் திருத்தம் கொண்டுவந்தது. ஆக, நீங்கள் கேரளப் பக்கத்துப் பாறசாலையில் நின்றாலும் மார்த்தாண்டத்தில் நின்றாலும் உட்காரும் உரிமை இருக்கிறது, அதற்குக் கர்ப்பமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கர்ப்பிணிக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. 1961 மகப்பேறு சட்டத்திலேயே இருந்தது, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முந்தைய ஒரு மாதம், அதாவது சுமார் 30-வது வாரத்திலிருந்து, நீண்ட நேரம் நிற்கிற வேலையோ கடினமான வேலையோ தரக் கூடாது. இதில் ஒரு கொக்கி: நீங்கள் கேட்டால்தான். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள், ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லிங்கிலோ பேக்கிங்கிலோ உட்கார வைத்தார்கள் என்பதற்காகச் சம்பளத்தையும் குறைக்க முடியாது. கடையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து, கடந்த 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு, அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இஎஸ்ஐ பிடிக்கிற கடையென்றால் பணம் அங்கிருந்து வரும். எல்லா லீவையும் பிள்ளைக்கென்று மிச்சம் பிடித்து, வலி வரும் நாள் வரைக்கும் நிற்கிறவர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கடைசி இரண்டு மூன்று வாரமாவது எடுத்துவிடுங்கள்.

யூனிஃபார்ம் சேலை கட்டுகிறவர்கள் பாவாடை நாடாவை வயிற்றுக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போடுவதை விடுங்கள், அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். டைல்ஸ் தரையில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பும் ஆகாது, ஹீல்ஸும் ஆகாது. பாதம் வீங்கி அளவே மாறியிருக்கும், சாயங்காலம் போய் ஒரு சைஸ் பெரிதாக, அடிப்பாகம் மெத்தென்று வாங்குங்கள். நரம்பு புடைக்கிறவர்களுக்கு டாக்டர் இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தால் காலையில் கட்டிலை விட்டு எழும் முன்பே போட வேண்டும், வீங்கின பிறகு போட்டால் ஏறவும் ஏறாது, முழுப் பலனும் இருக்காது. அப்புறம் அந்தப் பதினோரு மணி டீ. இரும்புச் சத்து மாத்திரையை அதோடு விழுங்கினால் பாதிச் சத்து வீண். இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து முந்திரி உடைக்கிறவர்கள் "எனக்கு இது பொருந்தாது" என்று நினைக்க வேண்டாம். காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் ரத்தம் தேங்கத்தான் செய்யும், இடையிடையே எழுந்து நாலு எட்டு நடங்கள். வேலை முடிந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவதும் நிற்கிற கணக்குதான். வயிற்றைக் காட்டி சீட் கேட்கக் கூச்சம் என்ன?

எல்லா வீக்கத்தையும் 'நின்னதால' என்று தள்ளிவிடுவது ஆபத்து. ராத்திரி படுத்தும் வடியாத வீக்கம், முகமும் கையும் திடீரென்று உப்புவது, விடாத தலைவலி, கண்ணில் மின்னல் மாதிரி அடிப்பது, மேல்வயிற்று வலி, இதெல்லாம் பிரஷர் ஏறியதற்கு அடையாளமாக இருக்கலாம். 140/90 தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அதைத் தேய்த்துவிடாதீர்கள். ரத்தமோ பனிக்குட நீரோ போனால் காத்திருக்கவே கூடாது. குழந்தை அசைவையும் கவனியுங்கள். வேலை மும்முரத்தில் அது தெரியாமல் போகும், அதனால் தினம் சாப்பிட்ட பிறகு இடதுபக்கமாகப் படுத்துக் கவனியுங்கள். "மாசம் நெருங்கினா அசைவு கொறையும்" என்பது தப்பு, குறைந்தால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

செக்கப்பில் டாக்டர் கேட்கும்போது "கடையில வேல" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணி நேரம் நிற்கிறேன், என்ன தூக்குகிறேன் என்று சொல்லுங்கள். தாய் சேய் அட்டையை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். நம் ஊரில் அவசரம் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவோமா, திருவனந்தபுரம் எஸ்ஏடி ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்பது அந்த நேரத்து டிராஃபிக்தான் முடிவு பண்ணும், ரத்த வகையும் பிரஷர் கணக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கைப்பையில் இருந்தால் எந்தப் பக்கம் போனாலும் பிரச்சினை இல்லை. 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு.