மூணு நாள் ஜூஸ் டிடாக்ஸ்ல இறங்கறதுக்கு முன்னாடி

சாப்பாட்ட விட்டுட்டு ஜூஸ் மட்டும் குடிச்சா உடம்புல இருக்கற நச்செல்லாம் போய் எடையும் குறையும்ங்கறதுதான் இந்த டிடாக்ஸ். "மூணே நாள்ல ரெண்டு கிலோ குறைஞ்சிருச்சு"ன்னு யாராவது சொன்னா பொய்னு நினைக்காதீங்க, நிஜமாவே குறைஞ்சிருக்கும், ஆனா குறைஞ்சது என்னங்கறதுதான் விஷயம். நம்ம உடம்பு கல்லீரல்ல ஒரு 100 கிராம், தசைகள்ல ஒரு 400 கிராம்னு சர்க்கரைய கிளைகோஜனா சேத்து வெச்சிருக்கும், அதுல ஒவ்வொரு கிராமும் கூடவே சுமார் 3 கிராம் தண்ணியையும் பிடிச்சு வெச்சிருக்கும். சாப்பாட்ட நிறுத்தின உடனே உடம்பு முதல்ல கைவெக்கறது இந்த சேமிப்புலதான், அது செலவாக செலவாக தண்ணியும் பாத்ரூம் வழியா போயிடும். போதாததுக்கு குடலும் காலி, உப்பும் கம்மி, வெயிட் மிஷின் இறங்காம என்ன பண்ணும்?

இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. 1 கிலோ கொழுப்பு கரையணும்னா கிட்டத்தட்ட 7700 கலோரி துண்டு விழணும். நாளைக்கு 2000 கலோரி செலவாகற ஆளு 800 கலோரிக்கு ஜூஸ் குடிச்சா துண்டு விழறது 1200, மூணு நாளைக்கு 3600, அதாவது அரை கிலோ கொழுப்புகூட தேறாது, அதுலயும் பழ ஜூஸ்ல புரதம்னு ஒண்ணும் பெருசா இல்லாததால கொஞ்சம் தசையிலேருந்து போயிருக்கும். மீதியெல்லாம் தண்ணி, வழக்கம்போல சாப்பிட ஆரம்பிச்ச சில நாள்லயே திரும்பி வந்து உக்காந்துக்கும்.

"நச்சை வெளியேத்தும்"னு போட்டிருப்பாங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரிச்சல். சிறுநீரகம் தினமும் சுமார் 180 லிட்டர் திரவத்த வடிகட்டுது, கல்லீரல் அது பாட்டுக்கு ராத்திரி பகலா வேலை பாக்குது, எலுமிச்சை தண்ணி போய் அதுக்கு என்ன சொல்லிக்குடுக்கப்போகுது. ஆஸ்திரேலியால 2015ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் டிடாக்ஸ் டயட் பத்தின ஆய்வுகள எல்லாம் தேடிப் பாத்தப்போ, கடைல விக்கற டிடாக்ஸ் டயட்கள குலுக்கல் முறைல ஆள் பிரிச்சு ஒப்பிட்டுப் பாத்த ஆய்வு ஒண்ணுகூட அவங்களுக்குக் கிடைக்கல. எந்த நச்சு, குறைஞ்சத எந்த டெஸ்ட்ல பாக்கலாம்னு விக்கறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

அதுக்காக குடிச்சு எடை குறைக்கறதே டுபாக்கூர்னு சொல்லல. பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வுல டைப் 2 சர்க்கரை உள்ளவங்களுக்கு 3லேருந்து 5 மாசம் தினம் சுமார் 850 கலோரிக்கு ஷேக்கும் சூப்பும் மட்டும் குடுத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு 46 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாம சர்க்கரை கட்டுக்குள்ள இருந்துச்சு. ஆனா அது புரதம், விட்டமின், தாது உப்பு எல்லாம் அளந்து போட்ட ஷேக், மருத்துவக் குழு கூடவே இருந்து சர்க்கரை மாத்திரைய நிறுத்தி, அப்புறம் படிப்படியா சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த முறை. இதே அமெரிக்கால 1970கள் கடைசில தோல், எலும்புலேருந்து எடுத்த தரமில்லாத கொலாஜன் புரதத் திரவத்த மட்டும் மாசக்கணக்கா குடிச்சதுல சுமார் 60 பேர் செத்தாங்க, நிறைய பேருக்கு இதயத்துடிப்புல கோளாறு. ரெண்டுமே குடிக்கற டயட்தான், வித்தியாசம் உள்ள என்ன இருக்கு, யாரு பாத்துக்கறாங்கங்கறதுலதான்.

சரி, யாரு இந்தப் பக்கமே வரக்கூடாது? இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கறவங்க (சர்க்கரை டக்குனு கீழ போயிடலாம்), கிட்னி பிரச்சனை உள்ளவங்க, கர்ப்பிணிங்க, பால் குடுக்கறவங்க, வளர்ற பசங்க, முன்னாடி சாப்பாட்டு விஷயத்துல மனசளவுல கஷ்டப்பட்டவங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கறவங்க திடீர்னு பச்சை ஜூஸ்ல இறங்கினா அதுல இருக்கற விட்டமின் கே மருந்தோட வேலைய மாத்திடும். நல்லா இருக்கறவங்களும் பசலைக்கீரை, பீட்ரூட் ஜூஸ லிட்டர் கணக்குல குடிக்காதீங்க, அதுல இருக்கற ஆக்சலேட்ங்கற உப்பு சேந்து கிட்னி அடிவாங்கின கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல வந்திருக்கு. டிடாக்ஸ் டீன்னா பாக்கெட்ட திருப்பிப் பாருங்க, சென்னான்னு இருந்தா அது வெறும் பேதி மருந்து, கொழுப்பு ஒரு கிராம்கூட போகாது, பொட்டாசியம்தான் போகும்.

இவ்வளவுக்கப்புறமும் ஆசையா இருக்கா, அப்ப இப்படி பண்ணுங்க. முழு நாளையும் விட்டுட்டு ஒரு வேளைய மட்டும் மாத்துங்க. வடிகட்டாதீங்க, மிக்சில அப்படியே அரைங்க, நார் இருந்தாதான் வயிறு நிறையும். பாதிக்கு மேல காய், பழம் கொஞ்சம், கூட தயிரோ பாலோ சோயாவோ சேத்து 20 கிராம் புரதமாவது வர்ற மாதிரி பாத்துக்கோங்க. மத்த வேளை சாதாரண சாப்பாடு. தாகத்துக்கு தண்ணி குடிங்க, மணிக்கு ஒரு லிட்டர்னு ஊத்திக்கிட்டா சோடியம் இறங்கி மயக்கம், வலிப்பு வரைக்கும் போகும்.

ஒருநாள் முழுக்க பண்ணியே ஆவேன்னா ஒருநாளோட நிறுத்துங்க, அன்னைக்கு ஜிம் வேண்டாம், தலைசுத்தினா வண்டி எடுக்காதீங்க, படபடப்பு, மயக்கம், குழப்பம்னு எது வந்தாலும் சாப்பிட்டுட்டு டாக்டர பாருங்க. மறுநாள் காலைல எடை பாத்து சந்தோஷப்படாதீங்க, வழக்கம்போல சாப்பிட்டு அஞ்சாவது நாள் வெறும் வயித்துல பாருங்க, அப்ப காட்டறதுதான் உங்க நிஜ எடை.