மலைச்சரிவில் காற்று: டென்சரிலிருந்து கொந்தளிப்பு மாதிரிக்கு

நீலகிரியின் தொட்டபெட்டா மலையின் மேல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றைக் கணினியில் கணிக்க முனைகிறவர்கள் பெரும்பாலும் மென்பொருளின் பட்டியலிலிருந்து ஒரு கொந்தளிப்பு மாதிரியை, அதாவது காற்றின் ஒழுங்கற்ற சுழல்களின் விளைவைத் தோராயமாகக் கணக்கிடும் முறையை, தேர்ந்தெடுப்பதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பாக, ஒரு தாளில் மூன்று வரிசையும் மூன்று நிரலும் கொண்ட அட்டவணை ஒன்றை வரைந்து, இரண்டுக்கும் கிழக்கு, வடக்கு, மேல் என்று பெயரிட்டுக்கொள்ளுங்கள்.

காற்றின் திசைவேகத்தைச் சொல்ல மூன்று எண்கள் போதும். ஓரலகுப் பரப்பின் மீது செயல்படும் விசையான தகைவுக்கு அது போதாது. விசை எத்திசையில் செயல்படுகிறது என்பதோடு, எத்திசையை நோக்கிய பரப்பின் மீது செயல்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இவ்வாறு ஒவ்வோர் எண்ணும் இரண்டு திசைகளைச் சார்ந்திருப்பதால் ஒன்பது எண்கள் வருகின்றன. அச்சுகளைத் திருப்பினால் இவ்வெண்கள் ஒரு விதிப்படி மாறும். அவை குறிக்கும் தகைவு மாறாது. இப்படி விதிப்படி மாறும் அட்டவணையே டென்சர். இந்த விதிக்கு உட்படாத அட்டவணை டென்சர் ஆகாது.

இனி ஒரு கணக்கைக் கையால் செய்து பாருங்கள். தேயிலைச் செடிகளுக்கு மேலே காற்று சராசரியாக நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி வீசுகிறது என்று கொள்வோம். அவ்வேகம் 1 மீட்டர் கூடும்போதெல்லாம் காற்று 0.5 மீட்டர் வேகத்தில் கீழிறங்குகிறது. 1 மீட்டர் குறையும்போது அதே வேகத்தில் மேலெழுகிறது. ஏற்ற இறக்கங்களைத் தனித்தனியே சராசரி கண்டால் சுழிதான் வரும். இரண்டையும் பெருக்கிச் சராசரி கண்டால் −0.5 வரும். உதகையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.95 கிலோகிராம். அதனால் பெருக்கிக் குறியை மாற்றினால் கிடைப்பது சுமார் 0.48 பாஸ்கல். மேலே உள்ள காற்றின் உந்தம் செடிகள்வரை இறங்கிவருவதை அளப்பது இந்த எண்ணே. இதுவும் ஒரு தகைவுதான். கிழக்கு–மேல் கட்டத்தில் இதை எழுதுங்கள். மேல்–கிழக்கு கட்டத்திலும் இதுவே வரும் என்பதால், ஒன்பதில் ஆறு மட்டுமே தனித்தவை.

ரெனால்ட்ஸ் 1895-இல், பாய்மங்களின் இயக்கத்தைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைச் சராசரிப்படுத்தியபோது எஞ்சியவை இந்த ஆறு எண்களே. சராசரிப்படுத்திய சமன்பாடுகளிலிருந்தே அவற்றைக் கணக்கிட முடியாததால்தான் மாதிரிகள் தேவைப்படுகின்றன. பூசினெஸ்க் 1877-இலேயே முன்வைத்த கருத்தின் வழியே சென்றால், சராசரி ஓட்டத்தின் திரிபு வீதத்தை, அதாவது ஓட்டம் காற்றை உருக்குலைக்கும் வேகத்தை, சுழல்கள் உந்தத்தைக் கலக்கும் திறனைக் குறிக்கும் சுழல் பாகுநிலை என்னும் ஒரே எண்ணால் பெருக்கினால் போதும். லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974-இல் நிலைப்படுத்திய கே–எப்சிலான் மாதிரி, கொந்தளிப்பின் இயக்க ஆற்றலை வர்க்கப்படுத்தி, அது சிதையும் வீதத்தால் வகுத்து, 0.09-ஆல் பெருக்கி அந்த எண்ணைப் பெறுகிறது. ஆறு எண்களை ஒன்றில் அடக்குவது சிக்கனமானதே. ஆயினும் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகரும் எளிய சறுக்கு ஓட்டத்தில் அட்டவணை மூலைவிட்டத்தின் மூன்று எண்களும் சமம் என்று அது சொல்லிவிடுகிறது. உண்மையில் தரையருகே காற்றோட்டத் திசையில் ஏற்ற இறக்கம் மிகுதி, செங்குத்தில் குறைவு.

செங்குத்தான மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் இக்குறை பெரிதாகும். காற்று தரையை விட்டுப் பிரியும் இடத்தை கே–எப்சிலான் பெரும்பாலும் தாமதமாகவே காட்டும். அங்கு, மென்டர் 1994-இல் வெளியிட்ட கே–ஒமேகா எஸ்.எஸ்.டி. (சறுக்குத் தகைவுக் கடத்தல்) மாதிரியையே நான் முதலில் எடுப்பேன். ஆறு எண்களுக்கும் தனித்தனிச் சமன்பாடு தீர்க்கும் ரெனால்ட்ஸ் தகைவு மாதிரி இன்னும் நுட்பமானது. ஆனால் அதன் கணக்கு ஒரு நிலையான விடையில் எளிதில் ஒருங்காது.

கேத்திப் பள்ளத்தாக்கின் உறைபனி இரவுகளுக்கு இவற்றை அப்படியே பயன்படுத்த வேண்டாம். குளிர்ந்த கனமான காற்று அடியில் தேங்கிக் கொந்தளிப்பை அடக்குவதால், மிதப்பு விசைக்கான உறுப்பையும் வெப்பநிலைச் சமன்பாட்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும்.

இறுதியாக, ஒரே மெஷ்ஷில் (கணக்கிட இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்த வலையில்) இரண்டு மாதிரிகளை ஓட்டி, கிழக்கு–மேல் எண்ணை இரண்டிலும் வரைந்து ஒப்பிடுங்கள். அவை மிகவும் வேறுபடும் சரிவில்தான் காற்றுமானியை நட வேண்டும்.