பத்து நிமிட வேற்றுக்கிரகப் படம்: மொபைலில் எடுப்பது எப்படி?

1989-இல் டீன் அலியோட்டோ என்ற அமெரிக்கர் சுமார் 6,500 டாலரில் ‘யுஎஃப்ஓ அப்டக்‌ஷன்’ (பறக்கும் தட்டுக் கடத்தல்) என்றொரு படம் எடுத்தார். பிற்பாடு ‘த மெக்பெர்சன் டேப்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஒரு வீடு, ஒரு குழந்தையின் பிறந்தநாள், வீட்டில் ஒருவர் கையில் ஒரு வீடியோ கேமரா; அவர் எடுத்ததுதான் நாம் பார்க்கும் படம் என்பது பாவனை. கரண்ட் போகிறது, அண்ணன் தம்பிகள் வெளியே போய்ப் பார்க்கிறார்கள், அலறிக்கொண்டு ஓடிவருகிறார்கள். அவ்வளவுதான். டைட்டிலும் நடித்தவர்கள் பெயரும் இல்லாத கள்ளப் பிரதிகள் கைமாறியதில், பறக்கும் தட்டு ஆர்வலர்கள் சிலர் அதை நிஜமென்றே நம்பிவிட்டார்கள். அந்த வழியில் நாமும் ஒன்று முயன்று பார்க்கலாம்.

படி 1: தடயம் தேடுங்கள்

விண்கலத்தை யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். 1961 செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் சாலையில் இரவில் காரில் வந்தபோது வேற்றுக்கிரகவாசிகள் தங்களைக் கடத்தியதாகச் சொன்ன பெட்டி, பார்னி ஹில் தம்பதியின் பேச்சைப் பாருங்கள்: வீடு வந்து சேர இரண்டு மணி நேரம் கூடுதலாகிவிட்டது, கைக்கடிகாரங்கள் நின்றுவிட்டன, பார்னியின் ஷூ மேல்பக்கத்தில் உராய்ந்திருந்தது. ஷூவுக்கு அடிதானே தேயும்? யாராவது குப்புறப் போட்டு இழுத்துப் போனாலொழிய மேல்பக்கம் எப்படி உராயும்? அந்தக் கதையை நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த ஷூ மனதைவிட்டுப் போவதில்லை. உங்கள் கதைக்கும் அப்படி ஒன்றே ஒன்று வேண்டும்.

படி 2: கேமராவைக் கீழே போடாததற்குக் காரணம்

உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் ஏன் இன்னும் படம் எடுக்கிறான்? இந்த வகைப் படங்கள் பலவும் சறுக்குவது இங்கேதான். எளிய வழி: கரண்ட் போன வீட்டில் அந்த மொபைலின் டார்ச் மட்டுமே வெளிச்சம் என்று வைத்துவிடுங்கள்.

படி 3: வசனம் எழுதாதீர்கள்

யார் எப்போது அறைக்குள் வருகிறார், என்ன செய்தி கொண்டுவருகிறார் என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடட்டும். பாதி வார்த்தை புரியாவிட்டாலும் பரவாயில்லை, நம் வீட்டு விசேஷ வீடியோக்களில் மட்டும் எல்லாம் புரிகிறதா என்ன!

படி 4: வெளிச்சம்

ஜன்னலுக்கு வெளியே ஒரு எல்ஈடி ஃபிளட் லைட். நடுவில் கொஞ்சம் சாம்பிராணிப் புகை போட்டால் ஒளிக்கற்றை தனியாகத் தெரியும். ஷாட்டுக்கு முன் திரையை நீண்ட நேரம் அழுத்தி, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் லாக் செய்யுங்கள். இல்லையென்றால் மொபைல் தானாகவே இருட்டை வெளுப்பாக்கி, வேற்றுக்கிரகவாசி உடையின் தையலைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 5: வேற்றுக்கிரகவாசியின் உருவம்

சிறுவன் ஒருவன், தலையை மூடும் பெரிய முகமூடி, கதவோரம், இரண்டு நொடி. அதற்கு மேல் காட்டினால் சிரித்துவிடுவார்கள்.

எடிட்டிங்கில் பெரிய வேலை இல்லை. டார்ச் அணையும் இருட்டில் வெட்டி ஒட்டினால் ஒரே டேக் போல இருக்கும்.

படி 6: ‘உண்மைச் சம்பவம்’

படத்துக்குள் இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே பொய்ச் சான்று தயாரிக்காதீர்கள். 2009-இல் வந்த ‘த ஃபோர்த் கைண்ட்’ படத்துக்காக அலாஸ்கா பத்திரிகைகளின் பெயரில் போலிச் செய்திகளை இணையத்தில் உலவவிட்டார்கள். விவகாரம் அலாஸ்கா பத்திரிகையாளர் மன்றம் வரை போய், படநிறுவனம் பணம் கொடுத்து முடிக்க வேண்டியதாயிற்று. படத்தின் கடைசியில் நடித்தவர்கள் பெயரைப் போடுங்கள். முகமூடிக்குள் ஒரு மணி நேரம் வியர்த்து நின்ற பையன் எப்படியும் கேட்பான்.